மலைக்குத் தைத்த தூளி

செங்கல்பட்டில் குளிர் என்று ஒன்று கிடையாது. மார்கழியில் விடியற்காலை டீக்கடைக்கு வருகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள், குரங்குக் குல்லாய் மாட்டியவர்கள்கூட உண்டு. அதெல்லாம் ஒரு ஆசைக்குச் செய்வது. எட்டு மணி வெயில் குல்லாயைக் கழற்றிவிடும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மலைக்குளிரில் படுக்க ஒரு படுக்கை தைத்தேன் என்றால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். நானும் பதிலுக்கு நன்றாகத் திட்டினேன்.

எனக்குத் தொழில் குஷன் கடை. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. லாரி, வேன், ஷேர் ஆட்டோ என்று எந்த வண்டி சீட்டு கிழிந்தாலும் பழையதைப் பிய்த்து, பஞ்சோ ஃபோமோ அடைத்து, ரெக்ஸின் போட்டுத் தைத்துக் கொடுப்பேன். கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, அதுதான் வீடு. தனியாகத்தான் இருக்கிறேன். மனைவியும் நானும் பிரிந்து பல வருஷம் ஆகிவிட்டது. பெரிய காரணம் எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் வாய் நீளம், இரண்டு பேருக்கும் இறங்கிப் போகத் தெரியாது. அவள் தன் அண்ணன் இருக்கும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள், மகளையும் கூட்டிக்கொண்டு. மகளுக்கு அப்போது ஏழு வயசு.

"இன்னா நைனா, நீ வரலியா?" என்று ரயில் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்ட குழந்தை அது. சில மாசம் கழித்து ஃபோனில் பேசியபோது "நல்லா இருக்கீங்களாப்பா?" என்றது. கோயம்புத்தூர் மரியாதை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசியிருக்கும், அவளை என்ன சொல்ல முடியும்? ஆனாலும் அந்த "ங்க" ஒவ்வொன்றும் அவள் நாற்காலியை ஒரு அடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்ட மாதிரி எனக்கு இருக்கும். பிறகு அதுவே பழகிவிட்டது. வாரம் ஒரு ஃபோன். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், கடை எப்படி, போகுது, உடம்பு எப்படி, இருக்குது. அதற்கு மேல் எனக்கும் கேட்கத் தெரியாது.

படிப்பு முடித்ததும் அவள் ஆபீஸ் வேலை எதற்கும் போகவில்லை. கொடைக்கானலுக்கும் மேலே, கடைசி பஸ் போகும் கிராமத்தையும் தாண்டி, ஒரு முகாமில் சேர்ந்தாள். ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடாரம் போட்டுக் கொடுப்பது, காட்டுக்குள் நடக்கக் கூட்டிப் போவது, திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. போன வருஷம் அவளைப் பார்க்கப் போனேன். கீழே லாட்ஜில் தங்கினேன். முகாமுக்குக் காய்கறி வாங்க இறங்கி வந்தவள் என்னோடு ஒரு டீ குடித்தாள், ஒரு பன் சாப்பிட்டாள். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டாள். அந்த டீக்காக ஒரு ராத்திரி ரயிலும் அரை நாள் பஸ்ஸும் ஏறி இறங்கியிருந்தேன்.

இந்தத் தடவை கார்த்திகை முடிகிற சமயம் அவளே கூப்பிட்டாள். வடக்கே இமயமலைப் பக்கம் ஒரு வேலை கிடைத்திருக்கிறதாம். தை மாசக் கடைசியில் கிளம்புகிறாளாம்.

"ரெண்டு வருசம் லீவு கெடைக்காதுங்கப்பா."

"அப்ப பொங்கல் முடிஞ்சதும் நான் வரேன்" என்றேன். "லாட்ஜெல்லாம் வேணாம். நீ இருக்கற இடத்துலயே ஒரு ராத்திரி தங்கறேன்."

"இங்க கூடாரந்தானுங்கப்பா. தரையில படுக்கோணும். உங்க முதுகுக்கு ஆவாது. ராத்திரி மூணு டிகிரி, ரெண்டு டிகிரின்னு எறங்குது. நீங்க லாட்ஜ்லயே இருங்க, நான் காலைல வந்து பாத்துட்டுப் போறேன்."

எனக்கு வந்ததே கோபம். "லாட்ஜுல படுக்கறதுக்கு நான் இன்னா சேல்ஸ் ரெப்பா?" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. குனிந்து குனிந்து சீட்டு தைத்ததில் என் முதுகெலும்பில் ஒரு வட்டு நகர்ந்துவிட்டது. தரையில் படுத்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ராத்திரி. பகலில் டீக்கும் பன்னுக்கும் நடுவில் வராத பேச்சு, இருட்டிய பிறகு பக்கத்தில் பக்கத்தில் படுத்தால் வரும் என்று நம்பினேன். என்ன பேசுவேன் என்று கேட்டால் அப்போதும் தெரியாது. எப்படியாவது அந்த ராத்திரி கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தரை ஆகாது என்றால் தொங்கத்தான் வேண்டும். அது எனக்குப் புதிதும் இல்லை. வட்டு நகர்ந்ததிலிருந்து நான் தூங்குவதே தொங்கித்தான். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற வலைத் தூளி ஒன்று வாங்கி வந்து, அறையில் இரண்டு கொக்கி அடித்துக் கட்டியிருக்கிறேன். நேராகப் படுத்தால் உடம்பு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் முதுகு சமமாகிவிடும், வலி தெரியாது. டீக்கடையில் இது தெரிந்துபோய், "அண்ணாத்த இன்னும் தூளிலதான் தூங்குறாரு, பால் குடுத்தாங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை.

மலைக்கு வலை ஆகாது, காற்று ஊடுருவும். பாராசூட் துணி வாங்கினேன். மெல்லிசு, லேசு, என் கனத்தைத் தாங்கும். இரண்டு முனையையும் சுருக்கி நைலான் கயிறு கோத்தேன். மரத்தில் சுற்றிக் கட்ட, உடைத்த கார்களிலிருந்து வந்த பழைய சீட் பெல்ட்டுகள் கடையிலேயே கிடந்தன. மேலே பனிக்கு அதே பாராசூட் துணியில் ஒரு கூரை. போர்த்திக்கொள்ள இலவம் பஞ்சு அடைத்து ஒரு போர்வை. எல்லாம் ஒரு முதுகுப் பைக்குள் அடங்க வேண்டும், லேசாக இருக்க வேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து முகாமுக்கு, ஜீப் கிடைக்காவிட்டால், நடந்துதான் ஏற வேண்டும், டாக்டரோ கனம் எதையும் தூக்காதே என்று சொல்லியிருந்தார்.

ஃபோனில் வெள்ளைக்காரர்கள் பனியில் தூளி கட்டிப் படுக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். பேசுவது புரியவில்லை, சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். எல்லோருடைய தூளிக்கும் அடியில் உப்பலாக ஏதோ ஒன்று தொங்கியது. சாமான் வைக்கிற பை போலிருக்கிறது, எனக்கு எதற்கு, இருப்பதே ஒரு பல்துலக்கி என்று விட்டுவிட்டேன்.

தைத்து முடித்ததும் ஒரு பிரச்சினை வந்தது. இதை எங்கே படுத்துப் பார்ப்பது? மார்கழி விடியலில் மொட்டை மாடியில் கட்டிப் படுத்தால் வேர்த்துக் கொட்டியது. "குளுருக்குப் பயந்துகினு பறவைங்களே தேசம் தேசமா தாண்டி வேடந்தாங்கலுக்கு வருது, நீ குளுர் எங்க கீதுன்னு தேடிகினு திரியற" என்றார் டீக்கடைக்காரர். அவரிடம் அன்று டீ குடிக்காமலே வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஐஸ் ரூம் ஞாபகம் வந்தது. திருவிடந்தைப் பக்கம் ஈ.சி.ஆர். ரோட்டோரமாக ஒருவர் மீன் வியாபாரம் செய்கிறார். அவருடைய மினி லாரிக்கு நான்தான் எப்போதும் சீட் போடுவேன். மீன் பெட்டிகளை அடுக்கி வைக்க அவரிடம் ஒரு குளிர் அறை உண்டு. இந்தக் கடற்கரையில் நான் அறிந்து மலைக்குளிர் இருக்கும் ஒரே இடம் அதுதான். மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, பையோடு போய் நின்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மீனு மாரி படுத்துக்கப் போறியா? இன்னா அண்ணாத்த, வூட்ல சொல்ட்டு வந்தியா?"

"வூட்ல சொல்றதுக்கு யாரு கீறாங்க?"

அவர் நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேனா என்று பார்த்தார். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "கொஞ்ச நேரத்துக்கு ஒருவாட்டி கதவத் தட்டுவேன். நீயும் உள்ளேர்ந்து எதையாச்சும் தட்டணும். தட்டல, இஸ்த்துகினு வெளிய போட்ருவேன். எனக்கு எதுக்குப்பா போலீஸ் பேஜாரு" என்றார்.

இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவில் தூளியைக் கட்டி ஏறிப் படுத்தேன். சுற்றிலும் வஞ்சிரம், சங்கரா, வவ்வால் பெட்டிகள். நாற்றம் பழகக் கொஞ்சம் நேரம் ஆனது. இலவம் பஞ்சுப் போர்வை மேலே கதகதவென்று இருந்தது, என் கைவேலையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. வெளியிலிருந்து தட்டினார். நான் தூணைத் தட்டினேன். இரண்டாவது முறை அவர் தட்டுவதற்குள் முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல் ஆகிவிட்டது. மேலே வேர்க்கிறது, கீழே விறைக்கிறது. போர்வையின் பாதியை உடம்புக்கு அடியில் தள்ளிப் பார்த்தேன். என் கனத்தில் அது அப்பளமாக நசுங்கியது. அறையைக் குளிரவைக்கும் மின்விசிறியின் காற்று தூளிக்கு அடியில் புகுந்து புகுந்து போனது. இறங்கி ஓடி வந்து வெயிலில் நின்றேன்.

"மேலக்க ராஜா மாரி போத்திகினு கீழ அம்மணமா படுத்தா இன்னா பண்ணும்?" என்று அவர் சிரித்தார். அப்போதுதான் வீடியோவில் பார்த்த அந்த உப்பல் பை என்னவென்று உறைத்தது. கட்டிலில் படுப்பவனுக்குக் கீழே மெத்தை இருக்கிறது. தொங்குகிறவனுக்குக் கீழே காற்றுதான். உடம்பு நசுக்காத இடத்தில், தூளிக்கு வெளியே, அடியில் ஒரு போர்வை தொங்க வேண்டும். வெள்ளைக்காரன் சாமான் வைக்கவில்லை.

கடைக்கு வந்து அதைத் தைத்தேன். கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் பஞ்சை அடைத்தேன். இந்தத் தொழிலில் என் பெயரே அடைப்பில்தான். சீட்டு போட்டு முடித்ததும் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விடுவேன். குத்தின இடம் உடனே எழும்ப வேண்டும், குழி விழக் கூடாது. குழி விழுந்தால் பிய்த்துவிட்டு மறுபடி அடைப்பேன். இதையும் அப்படித்தான் அடைத்தேன், குத்தினேன், கல்லு மாதிரி நின்றது. சீட் கவருக்குப் போடும் எலாஸ்டிக்கை நாலு மூலையிலும் தைத்துத் தூளிக்கு அடியில் மாட்டினேன்.

ஐஸ் ரூமில் இரண்டாவது நாள். அந்தப் போர்வை வளையவே இல்லை. பலகை மாதிரி விறைப்பாக ஒரு சாண் கீழே தள்ளித் தொங்கியது, இடுக்கு வழியாகக் காற்று ஜம்மென்று புகுந்தது. பஞ்சு தொட்ட இடத்திலும் சூடு இல்லை. முதல் நாளைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தாங்கினேன், அதுவும் ரோஷத்தில். இதைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனால் நடுராத்திரியில் பல் கிட்டி என் மகள் என்னை ஜீப்பில் தூக்கிப் போட்டு லாட்ஜுக்குத்தான் அனுப்புவாள். நினைக்கவே அவமானமாக இருந்தது.

அன்று கடையைச் சாத்திவிட்டு அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தைப் பிரித்துப் பஞ்சை வெளியே இழுத்தேன். இழுக்க இழுக்க அது பொங்கி வந்துகொண்டே இருந்தது, மடி நிறைந்து தரையெல்லாம் பரவியது. உள்ளே மூச்சுவிட இடமில்லாமல் கெட்டியாக இருந்தது, வெளியே வந்ததும் கையை நுழைத்தால் இதமாகச் சுட்டது. நான் அடைத்த அடைப்பில் பஞ்சுக்குள் இருந்த காற்றையெல்லாம் நசுக்கி வெளியேற்றியிருக்கிறேன். சூட்டைப் பிடித்து வைப்பதே அந்தக் காற்றுதான்.

எல்லாக் கட்டங்களிலும் பாதிக்குப் பாதி எடுத்தேன். கேட்க எளிதாக இருக்கிறது. என் கை கேட்கவே இல்லை. பாதி போட்டுவிட்டுத் தைக்க ஊசியை எடுத்தால், கை தானாகப் போய் இன்னும் ஒரு பிடி அள்ளித் திணிக்கும். ஒரு கட்டத்தை மூன்று முறை பிரித்தேன். குத்தினால் குழி விழுகிறது, தூக்கினால் தொளதொளவென்று தொங்குகிறது. வேறு யாராவது இப்படி ஒரு வேலை செய்து என் கடையில் கொண்டுவந்து வைத்தால் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன்.

மூன்றாவது தடவை ஐஸ் ரூமில் கட்டியபோது அந்தத் தொளதொளப்பு தூளியின் அடியில் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது, ஒரு இடுக்கு விடாமல். படுத்தேன். முதுகுக்கு யாரோ கையைக் கொடுத்துத் தாங்குகிற மாதிரி சூடு ஏறியது. கதவைத் தட்டினார், நான் தட்டினேன். மறுபடி தட்டினார், தட்டினேன். இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தட்டல் எனக்குப் பிடித்துப் போயிற்று. நான் இருக்கிறேனா இல்லையா என்று ஒருத்தர் கதவைத் தட்டிக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! கடை திறக்கவில்லை என்றால் லாரிக்காரன் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவான், அவ்வளவுதான். அடுத்த தட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, என்னைப் பிடித்து உலுக்கியதுதான். "யோவ்! யோவ் அண்ணாத்த! செத்துகித்து பூட்டியா?" அவர் முகம் வெளுத்திருந்தது. எத்தனை தடவை தட்டினாரோ. வட்டு நகர்ந்த பிறகு இப்படி நான் தூங்கியதே இல்லை.

"தூங்கிட்டேன்பா" என்றேன்.

"தூங்கறியா? இங்க என் உசுரு பூட்சி!" என்று அவர் என்னென்னவோ திட்டினார். திட்டி முடித்து, பையை வாங்கி மீன் தராசில் போட்டு நிறுத்தார். "ஒரு வஞ்சிரத்து எடகூட வரல. எடுத்துகினு போ. பொண்ணுகிட்ட நல்லா பேசிட்டு வா" என்றார். ஒரு கிளாஸ் சூடான டீயும் வாங்கிக் கொடுத்தார்.

பொங்கல் முடிந்து கிளம்பினேன். ராத்திரி செங்கல்பட்டில் ரயில், விடிந்தால் கொடை ரோடு ஸ்டேஷன், அங்கிருந்து பஸ், இன்னொரு பஸ், பிறகு நடை. நின்று நின்றுதான் ஏறினேன். பை ஒரு இடத்திலும் முதுகை அழுத்தவில்லை. வருகிற நாளையும், படுக்கையை நானே கொண்டுவருகிறேன் என்பதையும் ஃபோனில் சொல்லியிருந்தேன், மகள் பாதி வழியில் எதிரே வந்து நின்றாள். குல்லாய்க்குள் முகம் கறுத்து மெலிந்திருந்தது, காலில் மண் அப்பிய பூட்ஸ். "நடந்தே வந்துட்டீங்ளாப்பா" என்று பையை வாங்கிக்கொண்டாள். ஒரு தடவை தூக்கிப் பார்த்து, "இவ்ளோதானா?" என்றாள்.

தூளியை இரண்டு மரங்களுக்கு நடுவில் அவள்தான் கட்டினாள். நான் கட்டியிருந்தால் கால் மணி நேரம் ஆகும், அவள் விரல்கள் சொடுக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்டன. சீட் பெல்ட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "காரையே கழட்டிட்டு வந்துட்டீங்ளாப்பா?" அடியில் தொங்கும் போர்வையைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இப்புடி லூசா தைக்க மாட்டீங்களே நீங்க" என்றாள். அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சின்னதில் கடையில் உட்கார்ந்து நான் தைத்த சீட்டுகளைப் போட்டிக்குக் குத்துவாள்.

பேசலாம் என்று வாயெடுக்கும்போது மூன்று ஜீப்புகள் வந்து நின்றன. ஏதோ ஒரு ஆபீஸ் கூட்டம், இருபது பேருக்கு மேல் இருக்கும். ஒருத்தனுக்கு ஸ்வெட்டர் இல்லை, ஒருத்திக்குத் தலைவலி, எல்லோருக்கும் சுடுதண்ணீர் உடனே வேண்டும். என் மகள் ஓடிக்கொண்டே இருந்தாள். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் குளிர் அப்படியே மேலே விழுந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தவள், "நீங்க ஏறிப் படுங்கப்பா, வெளிய நிக்காதீங்க. இவங்களப் படுக்க வெச்சுட்டு வர்றேன். வந்து உக்காந்து பேசலாம்" என்றாள். பேசலாம் என்று அவளே சொன்னாள். எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஏறிப் படுத்தேன். குறுக்காகப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே விட்டுக் காத்திருந்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ரயில் ஜன்னலில் அவள் கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கலாம். எனக்கு நினைவில்லை. கூடாரங்களுக்கு நடுவில் அவள் டார்ச் வெளிச்சம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்கு அடியில் கதகதவென்று இருந்தது.

கண்ணைத் திறந்தால் வெளிச்சம். பறவை கத்துகிறது. கூரைத் துணியில் பனி உறைந்து வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. உடம்பில் ஒரு இடத்திலும் வலி இல்லை. அடேயப்பா என்ன தூக்கம் என்று சந்தோஷமாகக் கையை நீட்டினேன், கை எதிலோ இடித்தது. தூளியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் பக்கத்தில் தரையில் இரண்டு டம்ளர்கள். ஒன்று காலி. இன்னொன்றில் காபி விளிம்புவரை அப்படியே இருந்தது, ஆடை கட்டி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் சமையல் கொட்டகையிலிருந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. "எழுந்துட்டீங்களாப்பா?"

"எழுப்பறதுக்கு இன்னா?" என்று கத்தினேன். "அதுக்குத்தானே வந்தேன்! இதுக்குத்தானே மீன் பொட்டிக்கு நடுவுல படுத்து படுத்து…" அவளுக்கு மீன் பெட்டிக் கதையே தெரியாது. அதையெல்லாம் சொல்லத்தான் அந்த ராத்திரியை வைத்திருந்தேன்.

"தட்டுனேனுங்கப்பா. துணிய ரெண்டு மூணு வாட்டி தட்டிப் பாத்தேன்" என்றாள். "நீங்க அசையல. அப்புறம் எழுப்ப மனசு வரல. அப்புடியே உக்காந்திருந்தேன். நீங்க தூங்கி நான் பாத்ததே இல்லீங்கப்பா."

உண்மைதான். அவள் குழந்தையாக இருந்தபோது வீடு வேறு தெருவில் இருந்தது, அவள் தூங்கிய பிறகுதான் கடையிலிருந்து வருவேன், அவள் எழுவதற்குள் போய்விடுவேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன். அவள் குனிந்து இரண்டு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டாள். அவள் உதடு குளிரில் வெடித்திருந்தது.

"தூங்கினியா நீ?"

"இனிமேதான் கொஞ்சம் படுக்கோணும். இவங்க எந்திரிக்க இன்னும் நேரம் இருக்குது."

"ஏறு" என்றேன். வேண்டாம் என்றாள். "சூடு ஆறிடும், ஏறுன்னா ஏறு" என்று அதட்டினேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினாள். குறுக்காகப் படு என்று சொல்லவேண்டி இருக்கவில்லை. போர்வையை இழுத்து விட்டேன். பேசத் தொடங்குவாள் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்து நிமிர்வதற்குள் அவள் தூங்கிவிட்டாள், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, ஏழு வயசில் தூங்கிய அதே மாதிரி.

ஆபீஸ் கூட்டத்தில் இரண்டு பேர் ஃபோனில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ்! மன்சங்க தூங்கறது தெர்ல? அணைங்கய்யா அத!" என்று கத்தினேன். மலையே எதிரொலித்தது.

தூளிக்குள்ளிருந்து, கண்ணைத் திறக்காமல், ஒரு முணுமுணுப்பு வந்தது. "நைனா… நீதான் கத்தற. சும்மா கெட."

நான் சும்மா கிடந்தேன். அசையக்கூட இல்லை. அவள் சொன்னது அவளுக்கே தெரிந்திருக்காது, மறுபடி ஆழ்ந்து தூங்கிவிட்டாள். பாட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். வெயில் மரத்தடிவரை வந்தது, துணியில் உறைந்திருந்த பனி ஒவ்வொரு சொட்டாக விழ ஆரம்பித்தது. நான் மலையிறங்க இருக்கிற ஒரே பஸ் பத்து மணிக்கு. அதை விட்டால் ரயில் இல்லை. சமையல்காரரிடம் போய், அவளுடைய வேலையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், தானாக எழும்வரை எழுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தூளி அவளுக்கே என்றும் சொல்லச் சொன்னேன். அவள் போகிற ஊரில் இதைவிடக் குளிரும்.

கிளம்பும்போது தூளியின் துணியை ஒரு தடவை தட்டினேன், மெதுவாக. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். உள்ளேயிருந்து பதில் தட்டல் இல்லை. காலிப் பையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் ஆள் இல்லை, நல்லதாகப் போயிற்று. சீட்டு வேறு சரியில்லை, ஒரு பக்கம் பஞ்செல்லாம் போய்க் குழி விழுந்திருந்தது.